மோர் கேட்ட வாய்

அந்தச் சன்னலை நல்லாத் தொறந்து விடு தாயி. காத்து மூஞ்சியில அடிச்சா அடிக்கட்டும். எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகல. டெட்டாலு, பினாயிலு, அதுக்குள்ள அழுகின ஆரஞ்சுப்பழம், அதுக்கும் அடியில ஒரு நாத்தம் இருக்கு பாரு, அதுக்கு இன்னும் எவனும் பேரு வைக்கல. சேலையெல்லாம் ஏறிப்போச்சு. வீட்டுக்குப் போனதும் இந்தச் சேலைய அவுத்துத் தூர எறியணும். நல்ல சேலைதான். போய்த் தொலையட்டும்.

நீ எங்க, காரியாபட்டியா? நான் அருப்புக்கோட்டை வரைக்கும். தூக்கம் வந்தாத் தூங்கு, உன் ஊரு வந்ததும் நான் எழுப்பி விடுறேன். என்ன பாக்குற, வாளியவா? மோரு. மடியிலயே இருக்கட்டும், கீழ வச்சா இவன் ஓட்டுற ஓட்டுக்குச் சிந்திரும். பாதிதான் கெடக்கு. மிச்சம் ஆஸ்பத்திரி வராண்டாவுல கொட்டிப்போச்சு. சொல்றேன் இரு.

எந்தம்பிக்குத்தான் முடியல. பாக்கப் போனேன்னா போயிட்டு வந்தேன்னு இல்ல, அங்கனயேதான் கெடந்தேன். தவசிலிங்கம்னு பேரு. மதுரையில நூல் கடையில நிக்கிறான். நல்லாத்தான் இருந்தான். திடீர்னு காலு மதமதங்குதுன்னான். மறுநா எந்திரிக்க முடியல. பெறகு கையி, பெறகு நெஞ்சு. மூச்சே விட முடியாம மிஷின்ல போட்டாக. நரம்புல வந்த சீக்காம். வந்த மாதிரியே எறங்கிரும், ஆனா நாளாகும்னாக. ரொம்ப நாளைக்கு வாய் வழியாக் குழாய் கெடக்கக் கூடாதுன்னு தொண்டைக்குழியில ஓட்டை போட்டு, அதுல ஒரு வளைஞ்ச குழாயச் சொருகிட்டாக. இப்ப மிஷின் இல்ல, அவனாத்தான் மூச்சு விடுறான். ஆனா மூச்சு அந்தக் குழாய் வழியாவே போயி அது வழியாவே வந்துருது. வாய்ப்பக்கம் காத்து ஏறுறதே இல்ல. காத்து இல்லாம சத்தம் எங்கிட்டு வரும்? கையும் தூக்க முடியாது, எழுதிக் காட்டவும் வழி இல்ல. உதட்டை மட்டும் அசைப்பான்.

பாத்தவுக எல்லாம் ஐயோ பாவம்னாக. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, அருவருப்பாவும் இருந்துச்சு. நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். அவன் இருமினாச் சளி வாய் வழியாவா வரும்? கழுத்து வழியா வரும். பச்சையா, கட்டி கட்டியா. ஒரு தடவ என் மூக்குக்கண்ணாடி மேலயே வந்து அப்பிக்கிச்சு. சீ. அன்னைக்குச் சோத்துல கை வைக்கல நான். நர்சு ஒரு மெல்லிசுக் குழாய உள்ள விட்டு உறிஞ்சுவா பாரு, கொர்ருன்னு ஒரு சத்தம், எனக்குக் கொடலே மேல வரும். முந்தானைய மூக்குல வச்சு அமுக்கிக்கிட்டுத்தான் நிப்பேன். ஆனா பக்கத்துலதான் நிப்பேன். விட்டுட்டு ஓடினேனா? இல்லைல. அவன் என்னப் பாத்துக்கிட்டேதான் கெடப்பான். அக்கா நிக்கிறாளேன்னு அவனுக்கு ஒரு தெம்பு.

எங்காத்தா சாகையில அவன் இடுப்புல இருந்த புள்ள. நான்தான் தூக்கி வளத்தேன். சின்னதுலயே அவன் பேச மாட்டான். வாத்தியாரு கேள்வி கேட்டா என்னத்தான் பாப்பான், நான்தான் பதில் சொல்லுவேன். கடைக்காரன் என்ன வேணும்னு கேட்டா நான் சொல்லுவேன். அவனுக்குப் பசிக்குதுன்னு அவனுக்கு முந்தி எனக்குத் தெரியும். எம்பேரு பேச்சியம்மா. அவனுக்குப் பேச்சு நின்னா என்ன, பேச்சி நான் இருக்கேன்லன்னு டாக்டர்கிட்டயே சொன்னேன். டாக்டர் சிரிக்கல. அந்த ஆளுக்கு மூஞ்சியே அப்படித்தான், வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி.

ஒரே ஒரு தடவைதான் எந்தம்பி நான் இருக்கையில வாயைத் தொறந்தான். பொண்ணு பாக்கப் போன எடத்துல. பொண்ணு புடிச்சிருக்கான்னு கேக்குறாக. இவன் எப்பவும்போலத் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கான். நான் சொல்றேன், ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லி விடுறோம்னு. எனக்கு அந்தப் புள்ளையப் புடிக்கல. என்னமோ ஒரு நிமிர்ந்த பார்வை. அப்ப இவன் சொல்றான், "எனக்குப் புடிச்சிருக்கு"ன்னு. எனக்கு அந்தக் காப்பி அப்படியே தொண்டையில நின்னுபோச்சு. அவதான் மாலா. இன்னைக்கு வரைக்கும் அந்தக் காப்பி உள்ள எறங்கலன்னு வச்சுக்கயேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். அந்த வார்டுல ஒரு நோயாளிக்கு ஒரு ஆளுதான் கூட இருக்கலாம். ஒரு பாஸு குடுப்பாக, கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்கணும். முதல்ல அவதான் மாட்டியிருந்தா. "நீ வீட்டுக்குப் போயிப் புள்ளைகளப் பாரு, நான் இவனப் பாத்துக்கிறேன்"னு நான் வாங்கிக்கிட்டேன். குடுக்க மனசே இல்ல அவளுக்கு. கயித்தப் புடிச்சுக்கிட்டே நின்னா. சாயங்காலம் எல்லாரையும் விடுற நேரத்துல மட்டும் வருவா. வந்தாச் சும்மா இருக்காளா? அவன் கழுத்துக்கிட்ட கன்னத்தக் கொண்டுபோயி வச்சுக்குவா. அந்தக் குழாய்க்கு நேரா. மூச்சுக்காத்து அவ மூஞ்சியில படும். சளி தெறிச்சா வெறுங்கையால வழிச்சு விடுவா. கூச்சமும் இல்ல, அருவருப்பும் இல்ல. பொம்பளையா அவ? எனக்குப் பாக்கவே கொமட்டும்.

அவன் உதட்டைப் படிக்கிறதுல என்ன மிஞ்ச அந்த வார்டுல ஆளு இல்ல தாயி. நர்சுங்க "என்ன சார், என்ன சார்"னு குனிஞ்சு பாத்துட்டுப் போயிருவாளுக. நான் ஒரு தடவ பாத்தேன்னாச் சொல்லிருவேன். காலையில கண்ணத் தொறந்ததும் அவன் கேக்குறது பாலுதான். "பாலா"ம்பான். உதட்டை மூடித் தொறந்து, நாக்கை மேல தட்டி. பாலா, பாலான்னு திருப்பித் திருப்பிச் சொல்லுவான். கண்ணுல தண்ணி நிக்கும். ஆனா பாலு குடுத்தாச் சளி கட்டும்ல. இருக்குற சளியே சகிக்க முடியல. "பாலு வேணாம்ப்பா, அக்கா மோரு தாரேன்"ம்பேன். உடனே "மோரு"ம்பான். முகத்தச் சுளிச்சுக்கிட்டு, உதட்டக் குவிச்சு, மோரு, மோரு. அப்படி ஒரு ஆவல். எதுத்த கடையில தயிரு வாங்கி நானே கடைஞ்சு, தண்ணியா விளாவி, மூக்குல போட்டிருக்குற சோத்துக்குழாய் வழியா ஊத்துவேன். ஊத்தி முடிச்ச பெறகும் மோரும்பான். ரெண்டாந்தடவையும் ஊத்துவேன். வயிறு உப்பிப்போச்சுன்னு நர்சு வையும். அவளுக்கென்ன, கேக்குறவன் எந்தம்பி.

இப்படிப் போய்க்கிட்டிருக்கையிலதான் அந்தப் புள்ள வந்துச்சு. ஜெஸிந்தாவாம். பேச்சுக்குன்னே படிச்சிருக்காளாம். பேசுறதுக்குப் படிப்பா? நானெல்லாம் எங்க போயிப் படிச்சேன்? வந்ததும் வராததுமா என்ன விட்டுட்டு அவன்கிட்டக் கேக்குறா, "சார், எப்படி இருக்கு?"ன்னு. "சளிதான் இன்னும் கொறையல, மத்தபடி பரவால்ல"ன்னேன். "அம்மா, அவரச் சொல்ல விடுங்க"ங்கிறா. சொல்ல முடியாதவனச் சொல்ல விடுறதாம். ஒரு அட்டையக் கொண்டாந்து கட்டில் கம்பியில மாட்டினா. அ, ஆ, க, ங எல்லாம் வரிசையா அச்சடிச்சிருக்கு. ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுக்கிட்டே போகணுமாம், அவனுக்கு வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணைச் சிமிட்டுவானாம். அம்பது வயசு ஆம்பளைக்கு அனா ஆவன்னா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். அவ அந்தப் பக்கம் போனதும் கழட்டி வச்சிட்டேன். இந்தா, வாளிய மூடியிருக்கேன்ல, இதுதான் அந்த அட்டை. வாளி மூடி தொலைஞ்சுபோச்சு. இது வழவழன்னு பிளாஸ்டிக் போட்டிருக்கு, ஈ உள்ள போகாது.

ஒரு நாளு சாயங்காலம் மாலாவும் நிக்கையில அந்தப் புள்ள ஒரு பெட்டியோட வந்துச்சு. அதுல ஒரு மூடி. பாட்டில் மூடி அளவுதான் இருக்கும். "இதக் குழாய் வாயில மாட்டினா, மூச்ச இழுக்குறப்பத் தொறக்கும், விடுறப்ப மூடிக்கும். அப்ப காத்து மேல ஏறித்தான் வாய் வழியா வெளிய போகணும். சத்தம் வரும், பேசலாம்"னா. மாலா கையெடுத்துக் கும்புட்டா. எதுக்கெடுத்தாலும் ஒரு நாடகம். குழாயச் சுத்தி உள்ள ஒரு சின்ன பலூன் இருக்காம், அதுல காத்த எறக்கினா. பலூனு, ஊதல்னு, திருவிழாவா நடக்குது? பெறகு கையுறை போட்ட வெரலால அந்த ஓட்டைய லேசா அடைச்சுப் பாத்தா. அந்த வெரல வேற எங்கெங்க வச்சாளோ. பெறகு அந்த மூடியோட ஒரு சின்னக் கடியாரம் மாதிரி ஒண்ணச் சேத்து மாட்டினா. அதுல ஒரு முள்ளு. எந்தம்பி மூச்ச இழுத்தான். விடப் பாக்குறான், முடியல. கண்ணு பிதுங்குது. முள்ளு விருட்டுன்னு மேல போயி நின்னுக்கிச்சு, எறங்கவே இல்ல. அந்தப் புள்ள டக்குன்னு எல்லாத்தையும் கழட்டிட்டா. "பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கும்மா, இன்னைக்கு வேணாம்"னா.

எனக்கு உசுரே போயிருச்சு. எங்கப்பன் செத்தது பிரஷர்ல. எங்க சித்தப்பன் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடந்தது பிரஷர்ல. அந்தப் புள்ள பின்னால என்னென்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு, குழாய் பெருசா இருக்கு, சுத்திப் போக எடமில்ல, காத்து உள்ளயே முட்டுது, சின்னக் குழாயா மாத்தணும்னு. நான் எங்க அதக் கேட்டேன்? பிரஷர்னு சொன்னதுக்கப்பறம் கேக்குறதுக்கு என்ன இருக்கு? ஏன் ஏறுச்சுன்னுதான் எனக்குத் தெரியுமே. அந்நேரம் பக்கத்துல நின்னது யாரு? கும்புட்டுக்கிட்டு நின்னது யாரு?

அன்னையிலருந்து ரெண்டை நிறுத்தினேன். ஒண்ணு உப்பு. கஞ்சியில உப்பு இல்ல, மோருல உப்பு இல்ல. ஆஸ்பத்திரியில குடுக்குற கஞ்சிய எவ குடிப்பா, அது போஸ்டர் ஒட்டுற பசை, அதைக் கொட்டிட்டு நானே காய்ச்சினதத்தான் ஊத்தினேன். இன்னொண்ணு மாலா. வாசல்ல நிக்கிற வாச்மேன்கிட்டச் சொல்லிட்டேன், இந்தப் பொம்பள உள்ள போனா நோயாளிக்குப் பிரஷர் ஏறுது, டாக்டர் விட வேணாம்னுட்டாருன்னு. டாக்டர் சொல்லல. ஆனாக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு. அவ வீட்டுக்குப் போயிருவான்னு பாத்தேன். போகல. படிக்கட்டுல உக்காந்துக்கிட்டா. நான் தயிரு வாங்கக் கீழ எறங்குறப்பெல்லாம் ஒதுங்கி வழிவிடுவா. "மதினி, இன்னைக்கு எப்படி இருக்காரு?"ன்னு கேப்பா. நான் நின்னு பேச மாட்டேன். அந்தப் படியெல்லாம் வெத்தல எச்சி, அதுலயே உக்காந்திருக்கா. சீ.

எந்தம்பிதான் தேறல. பாலா, பாலான்னு அதிகமாக் கேக்க ஆரம்பிச்சிட்டான். வாசலையே பாத்துக்கிட்டுக் கேப்பான். பால்காரன் வாசல் வழியாத்தான வருவான்னு அவனுக்கு நெனப்பு போல. மோரு தாரேன்னாக் கழுத்தத் திருப்பிக்கிட்டு மோரும்பான். அப்பறம் அப்பறம் அதுவும் கொறைஞ்சிருச்சு. எந்நேரமும் தூக்கம். கூப்பிட்டாக் கண்ணத் தொறக்க மாட்டேங்குறான். டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பாத்துட்டு என்னப் புடிச்சுக்கிட்டாரு. "உடம்புல உப்பு இல்லவே இல்லம்மா. இன்னும் கொஞ்சம் கொறைஞ்சிருந்தா வலிப்பு வந்து ஆளே போயிருப்பாரு. யாரு உப்ப நிறுத்தச் சொன்னது?"ன்னு. வார்டே வேடிக்கை பாக்குது. "உங்க பேச்சு டாக்டரம்மாதான் பிரஷர்னா"ன்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னா அதுக்கும் மொறைக்கிறாரு.

அந்தப் புள்ளையக் கூப்பிட்டாக. வந்து என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றா, "அம்மா, நான் சொன்னது ரத்தக்கொதிப்பு இல்ல. தொண்டைக்குள்ள காத்தோட பிரஷர். வெளிய போக வழி இல்லாம அடைஞ்சிருக்குற காத்து"ன்னு. கைய உருவிக்கிட்டேன். பிரஷர்ல என்ன தாயி அந்தப் பிரஷர் இந்தப் பிரஷர்? குக்கருக்கும் பிரஷருங்கிறோம், மனுசனுக்கும் பிரஷருங்கிறோம், எல்லாம் ஒண்ணுதான். உள்ள அடைச்சு வச்சா ஏறத்தான செய்யும்? இது எனக்குத் தெரியாதா? இவுக ஒரு நாளு பிரஷருங்கிறாக, ஒரு நாளு உப்பு போடுங்கிறாக. நடுவுல கெட்ட பேரு எனக்கு.

அதோட விட்டாளா? "மாலாம்மா ஏன் உள்ள வர்றதில்ல?"ன்னு கேட்டா. அவனே கேக்கலையே, அவன் கேக்குறது பாலும் மோருந்தான்னேன். அந்தப் புள்ள ஒரு மாதிரி என்னப் பாத்துச்சு. "பாலுன்னா எப்படிக் கேப்பாரு?"ன்னு கேட்டா. பாலாம்பான்னு சொன்னேன். உடனே சத்தம் இல்லாம வாயத் தொறந்து தொறந்து மூடுறா. "பாருங்கம்மா, இப்ப நான் பாலான்னேனா மாலான்னேனா? பானாவும் மானாவும் உதட்டுல ஒண்ணாத்தான் இருக்கும். சத்தம் இருந்தாத்தான் வித்தியாசம்"னா. படிச்ச புள்ள, மீனு மாதிரி வாயத் தொறந்து மூடிக்கிட்டு நிக்குது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. வளத்தவளுக்குத் தெரியாத உதடு, நேத்து வந்தவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம். அவ பாட்டுக்குப் போயி, மாலாவுக்கும் ஒரு பாஸு எழுதி வாங்கிட்டா.

இன்னைக்குக் காலையிலதான் அது நடந்துச்சு. நேத்தே பெரிய டாக்டர் வந்து குழாய மாத்திச் சின்னதாப் போட்டுட்டாரு. மாத்துறப்ப ரத்தமும் சளியும் கோந்து மாதிரி வந்துச்சு. நான் வெளிய போயி ஓங்கரிச்சேன். உள்ள மாலா அவன் தலையப் புடிச்சுக்கிட்டு நின்னாளாம், யாரு கேட்டா? காலையில அந்தப் புள்ள பெட்டியோட வந்துச்சு. எங்கிட்ட, "நீங்களும் இருங்கம்மா. ஆனாப் பேச வேணாம். இன்னைக்கு அவரு பேசட்டும்"னா. இந்த வாளிய வச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். உப்பு போட்ட மோருதான், டாக்டர்தான் போடச் சொல்லிட்டாரே.

சளிய உறிஞ்சினா. பலூன எறக்கினா. அந்த மூடியையும் கடியாரத்தையும் மாட்டினா. எந்தம்பி மூச்ச இழுத்து விட்டான். முள்ளு கொஞ்சம் ஏறிச்சு, பொசுக்குனு எறங்கிருச்சு. மறுபடி ஏறிச்சு, எறங்கிருச்சு. "காத்து போகுது"ன்னு அந்தப் புள்ள சொல்றா, அவ கண்ணுல தண்ணி. சம்பளம் வாங்குற வேலைக்கு எதுக்குக் கண்ணுல தண்ணி? "சார், ஆன்னு சொல்லுங்க"ன்னா. அவன் ஆன்னு சொல்லல. தகரத்தத் தரையில இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு தாயி. அது எந்தம்பி சத்தமே இல்ல. ஆனா அவந்தான்.

"மாலா"ன்னான்.

பாலு இல்ல. மாலான்னுதான் சொன்னான். நான் கேட்டேன். "எங்க போயிட்ட?"ன்னான். அவ முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு நிக்கிறா. பெறகு, "படியிலதாங்க இருந்தேன். எங்கயும் போகல"ன்னா. அவன் அழுறான். அழுகைக்கும் சத்தம் வந்துச்சு இப்ப. மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி, அவ அத்தனையும் கையாலயே தொடைக்கிறா. அத்தனை பேரு முன்னால. பாக்க முடியல. புருசன் பொண்டாட்டிக்கு ஒரு வெக்கம் வேணாமா?

சரி, அழுது தீர்த்தாத் தொண்டை காஞ்சிருக்கும்லன்னு நான்தான் முன்னால போனேன். "தம்பி, அக்கா மோரு கொண்டாந்திருக்கேன்ப்பா"ன்னேன். என்னத் திரும்பிப் பாத்தான். அதே மாதிரி முகத்தச் சுளிச்சு, அதே மாதிரி உதட்டக் குவிச்சான். பாத்தியா, வாய் வந்ததும் மோருங்கிறான்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிக்கிட்டே வாளியத் தொறக்குறேன். சத்தம் வந்துச்சு, இல்லைங்கல. ஆனா எனக்கு அவன் உதட்டப் பாத்தே பழகிப்போச்சா, காதால கேக்கணும்னே தோணல. ஊத்துற குழாயக் கையில எடுத்தாச்சு. அப்பத்தான் மறுபடி சொல்றான்.

"போக்கா."

அந்தப் புள்ள கடியாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிது. "போ. எத்தனை நாளாச் சொல்றேன்"னான்.

யாரச் சொன்னாங்குற? அந்தப் புள்ளையத்தான். வேற யாரச் சொல்லுவான்? ஆஸ்பத்திரியில நர்ச எல்லாம் அக்கான்னுதான கூப்புடுவாக, வயசு கம்மியா இருந்தாலும். எத்தனை நாளா அவ வந்து கழுத்துல வெரல வச்சு அமுக்குறா, மூச்ச அடைக்கிறா. போ போன்னு அவன் எத்தனை நாளாச் சொல்லியிருப்பான், அவளுக்குத்தான் உதட்டப் படிக்கத் தெரியலையே. எனக்கு அவ மேலதான் பாவமா வந்துச்சு. ஆனா அவ போகல. மாலாவும் போகல. ரெண்டு பேரும் என்னத்தான் பாத்தாளுக. என்ன எதுக்குப் பாக்கணும்? எந்தம்பியும் என்னத்தான் பாத்தான். அது பழக்க தோசம். சின்னதுலருந்து என்னப் பாத்தே பழகினவன்.

எனக்கு அந்த எடமே புடிக்கல. வாளியத் தூக்கிக்கிட்டு நானாத்தான் வெளிய வந்தேன். யாரும் போகச் சொல்லல, பாத்துக்க. வராண்டாவுல வந்துக்கிட்டே இருக்கேன், வாளி சாஞ்சதே தெரியல. பாதி மோரு தரையில போயிருச்சு. கூட்டுற பொம்பள ஒருத்தி ஓடி வந்து, "என்னம்மா செய்யுது?"ன்னு கேட்டா. அவ கையெல்லாம் அழுக்கு, அந்தக் கையால என் முதுகத் தடவுறா. ஒண்ணும் இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். சத்தம் வரல. இங்க, இந்தக் குழியில என்னமோ முட்டிக்கிட்டு நின்னுச்சு. மேலயும் ஏறல, கீழயும் எறங்கல. நானு, பேச்சி, வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு நிக்கிறேன். அவ என் உதட்டையே பாத்துட்டு, தண்ணி கேக்குறேன்னு நெனச்சு ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. அந்தச் செம்பப் பாக்கணுமே நீ. தண்ணி எவ கேட்டா? நான் அதையா சொன்னேன்?

பிரஷராத்தான் இருக்கும். எங்க குடும்பமே பிரஷர்தான. ஊருக்குப் போனதும் உப்ப நிறுத்திறணும். வீட்டுலயும் எனக்குன்னு யாரு இருக்கா உப்பு பாத்துப் போட. நாளன்னைக்கித் திரும்பப் போயிருவேன். இந்தா பாரு, பாஸு இன்னும் என் கழுத்துலதான் கெடக்கு. அவனுக்கு மோரு ஊத்த அங்க யாரு இருக்கா? மாலாவுக்குத் தயிரு கடையத் தெரியாது, கட்டியும் தண்ணியுமா ஊத்துவா.

என்ன தாயி, எதுக்கு எந்திரிக்கிற? காரியாபட்டிக்கு இன்னும் நேரம் இருக்கும், நான் எழுப்பி விடுறேன்னு சொன்னேன்ல. என்னது? இந்தப் பய ஹாரன விடாம அடிக்கிறான், ஒண்ணும் கேக்கல. பரவால்ல, கத்தாத. உதட்டப் பாத்தாலே எனக்குத் தெரியும், கூச்சப்படாமக் கேக்க வேண்டியதுதான. மோருதான? உக்காரு, ஊத்துறேன்.